பிள்ளை பிடிக்கிற அம்மாள் என்றது ஊர். அம்மா என்றார்கள் பிள்ளைகள்

எங்கட சனத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பிள்ளையைச் சித்தியோ பெரியம்மாவோ வளர்த்தால், கலியாண வீட்டிலும் கோயில் வாசலிலும், ஏன், ஸ்காபரோ தமிழ்க் கடையில் காசு கட்ட நிற்கிற வரிசையிலும் யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இவ சொந்தத் தாயோ? பிள்ளைக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் கேட்பது. ஆனால் பிள்ளைக்குக் கேட்கும்.

போர்க்காலத்தில் பெற்றவள் ஊரில் நிற்க, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இப்போது நாற்பது வயது. பள்ளிக்கூடப் படிவத்தில் தாய் என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று அன்று யோசித்த அந்தப் பிள்ளைகள், இன்றைக்கும் அன்னையர் தினத்தில் இரண்டு பேருக்கு போன் எடுக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் 2017 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், பல சட்டங்களில் இருந்த தாய், தகப்பன் என்ற சொற்களை எடுத்துவிட்டு இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்லை வைத்தது. இரத்த உறவு இல்லாதவரும் அந்த இடத்துக்கு வரலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதப் போனால் பெற்றோர் என்றுதான் வருகிறது. பெறாதவரைச் சொல்ல வந்த சொல்லுக்குள்ளும் பெற்றவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தப் பேச்சு வந்தால் உடனே யசோதையைத்தான் சொல்லுவோம். ஆனால் யசோதைக்குக் கிடைத்தது கண்ணன். வேண்டாம் என்று கைவிடப்பட்ட பிள்ளைகளை ஐம்பது வருடம் வளர்த்த ஒருத்தியின் கதையை நான் இங்கே சொல்ல வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் தெரியாதவர் இல்லாத ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதை. இதில் சங்கடமான பக்கமும் உண்டு. கனடாவில் வாழ்கிற எங்களுக்கு அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாகக் குத்தும்.

மகளாக எடுக்கப்பட்டவர்

ஏமி 1867 டிசம்பர் 16 ஆம் திகதி, அயர்லாந்தின் வடக்கே மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பன் மாவு ஆலை நடத்தியவர். 1885 இல் தகப்பன் இறந்தார். வசதியும் குறைந்துவிட்டது. மூத்த பிள்ளை என்றால் என்ன பொறுப்பு என்று எங்கட வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே, பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் கூலி வேலை செய்த ஏழைப் பெண்களைக் கூட்டி அவர்களுக்காக ஒரு தகரக் கட்டடமும் எழுப்பினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுதான்.

அவர் பிள்ளை வளர்க்கப் போனதற்கான விளக்கம் அதற்குப் பிறகு நடந்த ஒரு காரியத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் வடமேற்கில் ராபர்ட் வில்சன் என்று ஒரு பெரியவர் இருந்தார். மனைவியையும் ஒரே மகளையும் இழந்தவர். 1890 இல் அவர் ஏமியைத் தன் மகளாகத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஏமியின் பெற்ற தாய் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இது நடந்தது. பிறகு பல வருடங்கள் ஏமி தன் பெயரை வில்சன் கார்மைக்கேல் என்றே எழுதினார். பெற்ற தாயும் இருக்க, எடுத்து வளர்க்கும் தகப்பனும் இருக்க, இரண்டு வீட்டுக்கும் மகளாக இருப்பது எப்படி என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. இந்த ஓர் உறவு இன்னோர் உறவை அழிக்கவில்லை.

1893 இல் சமயப் பணிக்காக ஜப்பான் போனார். பதினைந்து மாதத்தில் உடம்பு முடியாமல் போனது. 1894 இல் கொழும்புக்கு வந்து சில மாதங்கள் வேலை செய்தார். வில்சனுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்ததும் கப்பலேறி அவரிடம் ஓடினார். பிறகு 1895 நவம்பரில் இந்தியா வந்தார். வந்தவர் திரும்பவே இல்லை. ஐம்பத்தைந்து வருடங்களில் ஒருமுறை கூட விடுமுறைக்கு ஊர் போகவில்லை.

பிள்ளை வந்து நின்ற நாள்

1896 கடைசியில் திருநெல்வேலிக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்ற போதகரின் உதவியோடு தமிழ் படித்தார். சேலை கட்டினார். சில தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்தக் கூட்டத்தில் பொன்னம்மாள் என்று ஓர் இளம் விதவை இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். ஏமி வந்தது சமயம் பரப்ப, பிள்ளை வளர்க்க வரவில்லை. அதை மறைக்கத் தேவையில்லை.

1901 மார்ச் 7. பண்ணைவிளை என்ற ஊரில் ஏமி தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு பெண் ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழு வயது. பெயர் பிரீனா. பக்கத்தில் பெருங்குளம் கோயிலைச் சேர்ந்த பெண்களிடம் வளர்ந்த பிள்ளை. சாமிக்குப் பொட்டுக்கட்ட ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்பே ஒருமுறை தப்பி, தூத்துக்குடி வரை நடந்தே போய்ப் பெற்ற தாயிடம் சேர்ந்திருந்தாள். தாய் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தப்பிப் போனதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கையில் சூடு வைத்தார்கள்.

பிள்ளை பிடிக்கிற மிஸ்ஸி அம்மாள் என்று ஏமியைப் பற்றி ஊரில் பயமுறுத்திக் கதைத்திருந்தார்கள். பிரீனாவையும் அந்தக் கதை சொல்லித்தான் மிரட்டியிருந்தார்கள். அந்தப் பிள்ளையோ பிள்ளை பிடிக்கிறவளைத் தேடித்தான் ஓடி வந்தாள். சூடு வைத்த இடத்தை விட, பிடித்துக்கொண்டு போகிறவள் பரவாயில்லை என்று ஏழு வயதில் முடிவெடுத்திருக்கிறாள்.

அடுத்த நாள் கோயில் பக்கத்து ஆட்கள் வந்து பிள்ளையைக் கேட்டார்கள். கூட்டம் கூடியது. பிள்ளை போக மறுத்தாள். ஏமியும் கொடுக்கவில்லை.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். தேவதாசி மரபு என்பது துன்பம் மட்டும் இல்லை. பெரிய சங்கீதமும் நடனமும் அந்தப் பெண்களிடம்தான் இருந்தன. சனிக்கிழமைகளில் எங்கட பிள்ளைகள் இங்கே பழகுகிற பரதநாட்டியம் அவர்களிடமிருந்து வந்தது. ஆனால் வறுமையில் விற்கப்பட்டும், நேர்த்திக்கடனுக்கு ஒப்படைக்கப்பட்டும் வந்த பச்சைப் பிள்ளைகளை யாரும் விருப்பம் கேட்கவில்லை. பலருக்குக் கடைசியில் கிடைத்தது நடனம் இல்லை, பணக்காரர் வீட்டுப் பின்வாசல்தான்.

சித்தி, அக்காள், அண்ணாச்சி

அதே வருடம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற டோனாவூரில் ஏமி நிலையாகத் தங்கினார். 1904 இல் பதினேழு பிள்ளைகள். 1913 இல் நூற்று முப்பது. 1918 இல் ஆண் பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கினார்.

எண்ணிக்கையைச் சொல்வது லேசு. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள், மாட்டு வண்டியிலும் ரயிலிலும் நெடுந்தூரம் வந்து, வாடிப்போய் வந்து சேர்ந்தன. தாய்ப்பால் இல்லை. வேறு சாதிக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஊர் வழக்கம் விடவில்லை. பக்கத்தில் வைத்தியர் இல்லை. முதல் வருடங்களில் பல குழந்தைகள் இறந்தன. அதனால் 1905 இல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகே சிசுக்களுக்கு ஒரு வீடு எடுத்தார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள்.

மலம் கழுவுவது, இரவில் முழித்திருப்பது, வாந்தி துடைப்பது எல்லாம் அந்தக் காலத்தில் ஆயாமார் வேலை. படித்த பெண்ணுக்கும், சாதியில் உயர்ந்ததாகச் சொல்லப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கும் அது கௌரவக் குறைச்சல். ஏமியின் சொந்த வட்டத்திலேயே, ஊழியத்துக்கு வந்தவர் பிள்ளைத் தாதியாகிவிட்டார் என்று குறை சொன்னார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதை ஏமி குறைத்துக்கொண்டார். கால்களில் பிள்ளைகள் கட்டிக்கொண்டிருந்தால் எங்கே நடப்பது? தன் வேலை இதுதான் என்று ஏற்றுக்கொண்டார். அவர் தாயான இடம் இதுதான். பிரீனாவைக் கொடுக்க மறுத்தது தைரியம். அது ஒரு நாள் காரியம். தாய்மை அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான இரவுகளில் நடந்தது.

டோனாவூரில் யாரை யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஏமி அம்மா. அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் அக்காள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி. மேட்ரன் இல்லை, வார்டன் இல்லை. ஒரு நிறுவனத்தில் இருக்கிற பதவிப் பெயர்களுக்குப் பதிலாக ஒரு வீட்டில் இருக்கிற உறவுப் பெயர்கள். அதுவும் திருநெல்வேலிக்காரர் வாயில் வருகிற பெயர்கள். எங்கட முறையில் சித்தி என்றால் சின்னம்மா. தாய் இல்லாத நேரம் தாயாக வேண்டியவள். அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டால் அந்தக் கடமையும் சேர்ந்து வருகிறது.

பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். பரிசு உண்டு, பூ உண்டு. நீ பிறந்த நாள் எனக்குத் தெரியாது, நீ என்னிடம் வந்த நாள் தெரியும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செம்மஞ்சள் சட்டையும் டோனாவூரும்

இனிச் சங்கடமான பக்கம்.

செப்டெம்பர் 30 ஆம் திகதி எங்கட பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த நாட்டின் ஆதிக்குடி மக்களின் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, தேவாலயங்கள் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் அடைத்த வரலாற்றை நினைவுகூர. 2015 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்ற வகையில் வைத்தது. பிறகு பல ஆதிக்குடிப் பிள்ளைகளை வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்த கதையும் உண்டு. அங்கேயும் புதிய அம்மாமார் இருந்தார்கள். அன்பானவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

அப்படியென்றால் வெள்ளைக்கார மிஷனரியான ஏமி செய்தது மட்டும் எப்படிச் சரி? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று இதைக் கேட்டால், நாங்கள் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

சில விசயங்கள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. டோனாவூர்ப் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். கிறிஸ்தவர்களாக வளர்த்தார்கள். பிறந்த வீட்டோடு தொடர்பு பெரும்பாலும் இருக்கவில்லை. தன் வேர் எது என்று தெரியாமல் வளர்வது ஒரு பிள்ளைக்குச் சின்ன இழப்பு இல்லை.

நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி வந்தது. தகப்பன் விட்டுப்போன சொத்துக்காகக் குடும்பம் அடித்துக்கொண்டதற்கு நடுவில் அகப்பட்ட ஒரு சிறுமி டோனாவூரில் இருந்தாள். 1911 இல் தீர்ப்பு பெற்ற தாயின் பக்கம் வந்தது. பிள்ளையை ஒப்படைக்க உத்தரவு. ஆனால் ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே பிள்ளை காணாமற் போனாள். ஏமியின் பக்கத்து ஆட்கள் அவளை மறைத்து, இலங்கை வழியாகச் சீனா வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிள்ளை கடத்தல் வழக்கில் ஏமிக்கு ஏழு வருடம் சிறை கிடைக்கலாம் என்ற நிலை வந்தது. 1914 பெப்ரவரியில்தான் அவர்மேல் இருந்த குற்றவியல் வழக்கு தள்ளுபடியானது. இதைப் படிக்கும்போது அந்தப் பெற்ற தாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருடைய பக்கத்தை யாரும் புத்தகமாக எழுதவில்லை. ஏமி முப்பத்தைந்து புத்தகம் எழுதினார்.

ஆனால் வித்தியாசமும் உண்டு. கனடாவில் தாய்மார் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று கதறினார்கள், சட்டம் பிடுங்கிக்கொண்டு போனது. டோனாவூருக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே கைமாறியவர்கள், அல்லது கைமாற இருந்தவர்கள். வதிவிடப் பள்ளியில் பிள்ளைக்கு எண் கொடுத்தார்கள். தாய்மொழி பேசினால் அடித்தார்கள். டோனாவூரில் வளர்க்க வந்தவர்கள்தான் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. சேலையும் சோறும் தமிழ்ப் பாட்டுமாகத்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகும் அது அவர்களுக்கு வீடாக இருந்தது. பல பெண்கள் அங்கேயே நின்று அடுத்த பிள்ளைகளுக்கு அக்காள் ஆனார்கள்.

இந்த வித்தியாசம் ஏமியின் தவறுகளைத் துடைத்துவிடாது. பெற்றவளுக்குப் பதிலாக ஒருத்தி தாயாகிறாள் என்றால் அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது காட்டுகிறது. நல்ல எண்ணமா என்று கேட்டால் போதாது. பிள்ளை கூப்பிட்டால் அங்கே இருக்கிறாளா? பிள்ளையின் பாசையில் பதில் சொல்கிறாளா? பிள்ளை வளர்ந்து, பயன் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் நிற்கிறாளா? இந்த மூன்றிலும் ஏமி தேறுவார். பெற்றவளுக்கும் பிள்ளையின் மனதில் ஓர் இடம் விட்டு வைத்தாளா என்ற நான்காவது கேள்வியில் அவர் தேறவில்லை. இரண்டு வீட்டு மகளாக இருந்த அவருக்கு அது முடிந்திருக்க வேண்டியது.

பொன்னம்மாளின் பங்கு

இந்தக் கதையை ஒரு வெள்ளைக்காரியின் தியாகமாக மட்டும் சொன்னால் அதுவும் பொய். குழந்தைகளை உண்மையில் தோளில் போட்டுத் தூங்கவைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களின் கைகள். சம்பளம் இல்லை. விதவை என்று நல்ல காரியங்களில் ஒதுக்கப்படும் சமூகத்தில், பொன்னம்மாள் எத்தனையோ குழந்தைகளுக்கு உயிர் கொடுத்தார். 1915 இல் புற்றுநோயில் இறந்தார். ஏமி அவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும் சொல்ல வேண்டும். அவருடைய தாய் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சென்னைச் சட்டசபையில் போராடினார். சட்டம் 1947 இல் நிறைவேறியது. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிப் பெண்கள் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவர்களை உள்ளே எடுத்து அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். வெளியிலிருந்து வந்தவர் ஒருவர், உள்ளேயிருந்து வந்தவர் ஒருவர். இரண்டு பேர் வாசலிலும் பிள்ளைகள்தான் முதலில் வந்து நின்றார்கள்.

கடைசி இருபது வருடங்கள்

1931 அக்டோபர் 24 ஆம் திகதி, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார் ஏமி. கால் முறிந்தது. அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் தன் அறையை விட்டு வெளியே போனது மிகக் குறைவு. முன்பு அவர் பிள்ளைகளைப் பார்த்தார். இப்போது பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். படுத்தபடியே எழுதினார். பிள்ளைகள் அறைக்கு வந்து போனார்கள்.

1951 ஜனவரி 18 ஆம் திகதி, எண்பத்து மூன்று வயதில் காலமானார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் இருப்பது அம்மா என்ற ஒரு சொல். டோனாவூர் இல்லம் இன்றும் இயங்குகிறது. நடத்துகிறவர்கள் இந்தியர்களே.

இங்கே நாங்கள்

ரொறன்ரோவில் சிறுவர் உதவிச் சங்கம் 1891 இல் தொடங்கியது. இன்றைக்கும் ஏதோ காரணத்தால் தாய் தகப்பனோடு இருக்க முடியாத பிள்ளைகள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். எங்கட பிள்ளைகளுக்கும் அது வரலாம். அப்படி ஒரு பிள்ளையை ஓர் இரவில் ஒரு வீட்டில் விட வேண்டி வந்தால், அந்த வீட்டில் புட்டு என்றால் என்ன என்று தெரிந்திருக்குமா? அம்மம்மாவை நினைத்து அந்தப் பிள்ளை அழுதால் யாருக்காவது விளங்குமா? வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிக்கலாம். பயிற்சி உண்டு, வீட்டை வந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து போய் இரண்டு அறைகள் சும்மா கிடக்கிற வீடுகள் மார்க்கத்திலும் ஏஜாக்சிலும் எங்களிடம் எத்தனை இருக்கின்றன!

அப்படிச் செய்கிறவர்கள், பெற்றவளின் பெயரைப் பிள்ளை சொல்ல இடம் கொடுங்கள். ஏமி விட்ட இடம் அது.

அது முடியாதவர்களுக்குச் சுலபமான ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஒரு சித்தி ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதைப் பார்த்தால், சொந்தத் தாயோ என்று கேட்காதீர்கள். பிள்ளை அவவை என்னவென்று கூப்பிடுது என்று கவனியுங்கள். உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கும்.